கம்பி, குழி, சூட்டுத்தட்டு: எஃப்ராத் மலையில் ஐந்து நாள்

புதன்

ஜெருசலேமிலிருந்து தெற்கே 60ஆம் எண் சாலையில் இறங்கி, இரண்டு சுரங்கங்களைத் தாண்டினால் அரைமணி நேரத்தில் எஃப்ராத் என்ற யூதக் குடியேற்ற ஊர். தூரம் ஏறக்குறைய 12 கிலோமீட்டர்தான். காலையில் வண்டியெல்லாம் நகரத்தைப் பார்த்து ஓடும், மாலையில் மலையைப் பார்த்து ஓடும். எனவே காலை பத்து மணிக்கு மேல் கிளம்புகிறவருக்கு உட்கார இடம் நிச்சயம். பேருந்து ஓட்டுநரிடம் காசு நீட்டும் வழக்கம் ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. ரவ்-காவ் என்ற பயண அட்டையில் முன்கூட்டியே பணம் ஏற்றிக்கொள்ள வேண்டும், அல்லது போனில் செயலி. போகும்போது யாரும் நிறுத்தமாட்டார்கள். திரும்பும்போது சுரங்கத்துக்கு அருகே சோதனைச் சாவடி உண்டு. பாஸ்போர்ட்டை விடுதியில் வைத்துவிட்டு வருகிறவர்கள் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

பெயர் நமக்குப் பழக்கமானதுதான். தமிழ் வேதாகமத்தில் ‘எப்பிராத்தா’ என்று படித்த அதே சொல். ராகேல் இறந்தது எப்பிராத்தா போகும் வழியில் என்று ஆதியாகமம் சொல்லும். இப்போதுள்ள ஊர் 1983இல் எழுந்தது. நியூயார்க்கின் மன்ஹாட்டனில் ஒரு யூத ஜெபாலயத்தை நடத்திக்கொண்டிருந்த ரபி (யூத மதகுரு) ஷ்லோமோ ரிஸ்கினும், மோஷே மோஷ்கோவிட்ஸும் சேர்ந்து தொடங்கினார்கள். அதனால் தெருவில் எபிரேயத்தோடு அமெரிக்க ஆங்கிலமும் சரிக்குச் சரி கேட்கும். மக்கள்தொகை பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது.

ஊர் வட்டமாக இல்லை, முதுகெலும்பு மாதிரி நீளமாகக் கிடக்கிறது. ஒரே மலைமுகட்டில் அடுத்தடுத்த குன்றுகள்: ரிமோன், தெஎனா, கெஃபென், தெகெல், ஸாயித், தாகான், தாமார். மாதுளை, அத்தி, திராட்சை, பனை, ஒலிவம், தானியம், பேரீச்சை. உபாகமம் எட்டாம் அதிகாரத்தில் அந்த நாட்டின் விளைச்சலாகச் சொல்லப்படும் ஏழு வகையை ஒட்டி வைத்தவை. அங்கே கடைசியில் வரும் ‘தேன்’ தேனீயின் தேனல்ல, பேரீச்சம்பழத் தேன் என்பது யூத மரபின் விளக்கம். ஒரு குன்றுக்குப் பேரீச்சையின் பெயர் வந்தது அப்படித்தான். முகவரி கேட்கும்போது தெருப்பெயரோடு குன்றின் பெயரையும் கேட்டுக்கொள்ளுங்கள். தவறான குன்றில் இறங்கினால் ஒரு இறக்கமும் ஒரு ஏற்றமும் கூடுதல். முகடு 900 மீட்டருக்கு மேல்; நவம்பர் கடைசியில் காற்று காதை அறுக்கிறது.

ஏன் எல்லாம் மலையுச்சியிலேயே இருக்கின்றன? அழகுக்காக என்று நினைத்தால் தவறு. இந்த இடம் 1967 போரில் இஸ்ரேல் பிடித்த மேற்குக்கரையில், பெத்லகேமுக்குத் தெற்கே இருக்கிறது. இராணுவத் தேவை என்று சொல்லித் தனியார் நிலத்தை எடுத்துக் குடியிருப்பு கட்டுவதை இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் 1979இல் எலோன் மோரே வழக்கில் தடுத்தது. அதன்பிறகு அரசு பிடித்துக்கொண்டது 1858ஆம் ஆண்டின் ஒட்டோமான் நிலச்சட்டத்தை. தொடர்ந்து மூன்று ஆண்டு உழாமல் போட்ட நிலம் அரசுக்குத் திரும்பலாம் என்பது அதன் ஒரு பிரிவு. மலைச்சரிவில் மண் தங்கும் இடத்தில்தான் விவசாயி திராட்சை போடுவார். உச்சி வெறும் பாறை. ஆகவே உச்சி ‘அரசு நிலம்’ ஆகும், பள்ளத்தாக்கு கிராமத்தாரிடம் நிற்கும். அறிவிப்பை எதிர்த்து முறையிட 45 நாள். உழுததற்குச் சான்று கொண்டுவர வேண்டியது நிலத்துக்கு உரிமை கோருகிறவர்.

எஃப்ராத்தின் வரைபடத்தை விரித்தால் இந்தச் சட்டம் கண்ணுக்கே தெரியும். மேலே வெள்ளைக்கல் வீடுகள், கீழே அல்-காதர், அர்தாஸ், வாதி அன்-நிஸ் கிராமங்களின் திராட்சையும் ஒலிவமும். ஐ.நா.வும் பெரும்பாலான நாடுகளும் இதைச் சர்வதேசச் சட்டத்துக்குப் புறம்பான குடியேற்றம் என்கின்றன. இஸ்ரேல் அரசு அதை ஏற்பதில்லை. அதன் கணக்கில் எஃப்ராத் முறைப்படி அங்கீகரிக்கப்பட்ட உள்ளாட்சி. கிழக்கே ஏதாம் குன்று யாருக்கு என்ற வழக்கு ஆண்டுக்கணக்கில் ஓடியது. இந்த மலையில் யாரிடம் பேசினாலும் இது நடுவில் வந்து உட்காரும். தெரியாதவர்போல நடிப்பதைவிடத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

வியாழன்

இன்று தண்ணீர். இரவு நல்ல மழை. ஊரில் பலர் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சிக்குக் காரணம் தோட்டம் மட்டுமல்ல.

புதிதாக ஒரு குன்றில் குடியேறுகிறவர்கள் முதலில் கட்டுவது ஜெபாலயம் என்று நினைப்போம். ஜெபத்துக்கு ஆண்கள் பத்துப்பேரும் ஒரு கூரையும் போதும், தகரக் கொட்டகையிலும் நடக்கும். மிக்வே அப்படியல்ல. திருமணமான பெண்கள் மாதவிலக்கும் அதன்பின் ஏழு தூய நாட்களும் கழித்து மூழ்கி எழும் குளம் அது. அது இல்லாமல் குடும்ப வாழ்க்கையே முறைப்படி நடக்காது. பழைய சட்டம், ஊருக்கு மிக்வே வேண்டுமென்றால் ஜெபாலயத்தையே விற்றுக் கட்டலாம் என்கிற அளவுக்குப் போகிறது.

குழாய்த் தண்ணீர் செல்லாது. வானத்திலிருந்து விழுந்து, பாத்திரத்தில் ஏந்தப்படாமல், தானாக ஓடிவந்து தேங்கிய நீராக இருக்க வேண்டும். குறைந்த அளவு 40 சேயா. அதை லிட்டரில் சொன்னால் கணக்கிடும் முறையைப் பொறுத்து ஏறக்குறைய 330 முதல் 570 வரை. கட்டுகிறவர்கள் சண்டைக்கே இடம் கொடாமல் 1000 லிட்டரைத் தாண்டிய குழியாகக் கட்டிவிடுகிறார்கள். கூரையில் விழும் மழை வழிந்து நேராகக் குழிக்குள் போகிறது. இடையில் வாளி, தொட்டி, தண்ணீர் தேங்கும் வளைவுள்ள குழாய் எதுவும் இருக்கக்கூடாது. தேங்கினால் அது ‘ஏந்தியது’ ஆகிவிடும். சாதாரணக் குழாய்க்காரருக்கு வேலை கொடுத்தால் வழக்கம்போல வடிகட்டிப் பெட்டி ஒன்றை நடுவில் வைத்துவிடுவார், மொத்தமும் போச்சு. இந்த வேலைக்கென்றே பழகிய ரபி கூரையில் நின்று பார்ப்பது அதற்காக.

சரி, மழைநீரிலா எல்லோரும் மூழ்குகிறார்கள்? இல்லை. மூழ்கும் குளத்தில் இருப்பது சூடாக்கிய, குளோரின் போட்ட குழாய்நீர்தான். குளத்துக்கும் மழைக்குழிக்கும் நடுச்சுவரில் இரண்டு விரல் நுழைந்து சுழலும் அளவுக்கு ஒரு துளை. இரு நீரும் அங்கே தொட்டுக்கொண்டால் குளத்து நீரும் செல்லும். இன்னொரு முறையில் குழாய்நீரை மழைக்குழிக்குள் விட்டு, அது வழிந்து குளத்துக்கு வரும். பல இடங்களில் இரண்டையும் செய்துவிடுகிறார்கள்.

கெட்டுப்போவது மூன்று இடத்தில். குழியின் சிமெண்ட் பூச்சில் கீறல் விழுந்து நீர் கசிந்தால் அது ‘ஓடும் நீர்’. மழைநீர் தேங்கி நிற்க வேண்டும், ஓடக்கூடாது. சுத்திகரிப்புப் பம்பு ஓடும் நேரத்தில் மூழ்கலாமா என்பதில் கருத்து வேறுபாடு, எனவே பம்பை நிறுத்திவிட்டே ஆளை உள்ளே விடுகிறார்கள். மூன்றாவது, குழியைக் கழுவ நினைத்து மே மாதத்தில் யாராவது காலி செய்துவிடுவது. இங்கே ஏப்ரலுக்குப் பிறகு அக்டோபர், நவம்பர் வரை மழை கிடையாது. ஆறு மாதம் காத்திருக்க வேண்டியதுதான்.

பெண்களின் மிக்வேக்குள் நமக்கு வேலையில்லை, கேட்பதும் மரியாதையில்லை. வாசலுக்கு வெளியே இருக்கும் பாத்திர மிக்வேயைப் பார்க்கலாம். யூதரல்லாதவர் செய்த அல்லது விற்ற உலோக, கண்ணாடிச் சமையல் பாத்திரம் வாங்கினால் இதில் முக்கி எடுத்துத்தான் அடுப்பேற்றுவார்கள். வியாழன் மதியம் வரிசை. சடங்கைவிட அங்கே அதிக நேரம் பிடிப்பது விலைச்சீட்டு உரிப்பது. பாத்திரத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒன்றும் நிற்கக்கூடாது, காகிதத்தை உரித்தபின் நிற்கும் பசையும் உட்பட. ஒரு பெண்மணி சமையல் எண்ணெயும் சோடா உப்பும் குழைத்து வாணலியின் அடியில் தேய்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடம். நகத்தால் சுரண்டிப் பார்த்தார், வெயிலில் சாய்த்துப் பார்த்தார், மறுபடி தேய்த்தார். பிறகு கையை முதலில் நனைத்துக்கொண்டு, பாத்திரத்தைத் தளர்வாகப் பிடித்து முழுதும் அமிழ்த்தி, ஒரு நொடி விட்டுப் பிடித்தார். கரண்டிகளைக் கம்பிக்கூடையில் போட்டு ஒன்றன்மேல் ஒன்று ஒட்டாமல் குலுக்கினார். முடிந்தது.

மின்கெண்டிதான் பெரிய தலைவலி. முக்கினால் உள்ளே தண்ணீர் ஏறும்; அன்றே சொருகினால் புகைந்துவிடும். இரண்டு மூன்று நாள் கவிழ்த்துக் காயவைப்பது ஒரு வழி. யூதத் தொழில்நுட்பரிடம் கொடுத்துக் கழற்றி, மறுபடி பூட்டி, ‘யூதர் செய்த பாத்திரம்’ ஆக்கிக்கொள்வது இன்னொரு வழி.

வெள்ளி

குளிர்கால வெள்ளி மிகச் சிறியது. நவம்பர் கடைசியில் சூரியன் மாலை 4.35 வாக்கில் மறைகிறது. வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை யூதர்களின் ஓய்வுநாள். அதை வரவேற்க மெழுகுவத்தி ஏற்றுவது சூரியன் மறைவதற்கு முன்பே: ஜெருசலேமில் 40 நிமிடம் முன், பல ஊர்களில் 18 அல்லது 20. ஏற்றியபின் தீ மூட்டுவதும் விளக்கைத் தொடுவதும் இல்லை. ஆகவே பகல் மூன்று மணிக்குள் ஊர் தன் வேலையை முடித்தாக வேண்டும்.

காலையில் எருவ் பார்க்கும் ஆள் ஜீப்பில் கிளம்புகிறார். ஓய்வுநாளில் வீட்டிலிருந்து பொதுவெளிக்கு எதையும் தூக்கிப் போகக்கூடாது. சாவி, கைக்குழந்தை, ஜெபப் புத்தகம் எதுவும். ஊர் முழுவதையும் ஒரே வளாகமாக்கிவிட்டால் தூக்கலாம். அந்த எல்லைதான் எருவ். வேலி இருக்குமிடத்தில் வேலியே சுவர். இல்லாத இடத்தில் ‘வாசல் வடிவம்’: இரண்டு கம்பம், மேலே ஒரு கம்பி. கம்பம் குறைந்தது பத்துக் கைப்பிடி, 80 செ.மீ. முதல் ஏறக்குறைய ஒரு மீட்டர் வரை. கம்பி கம்பத்தின் தலைக்கு மேலாகப் போக வேண்டும். பக்கவாட்டில் கொக்கி போட்டு மாட்டினால் செல்லாது, ஏனென்றால் எந்த வாசலிலும் நிலைப்படியின் மேற்கட்டை பக்கத்தில் தொங்குவதில்லை. மின்கம்பத்தின் கம்பி பெரும்பாலும் பக்கத்தில்தான் ஓடும். அதனால் அதன் நேர் கீழே தனியாக ஒரு குச்சி நட்டிருப்பார்கள். தெருவில் மின்கம்பத்தோடு ஒட்டி, எதையும் தாங்காமல் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பட்டை நிற்பதைப் பார்த்தால் அது இதுதான்.

மலையூருக்கு ஒரு சலுகை உண்டு. நான்கு முழம், அதாவது சுமார் இரண்டு மீட்டர் தூரத்துக்குள் பத்துக் கைப்பிடி உயரம் எழும் சரிவு தானே சுவர் ஆகும். எஃப்ராத் போன்ற முகட்டில் பாறைச்சரிவே பாதி வேலையைச் செய்துவிடும். ஆனால் வளரும் ஊரில் இந்தச் சலுகையே முதலில் பறிபோகிறது. மேலே வீடு கட்டுகிறவர் தோண்டிய மண்ணைச் சரிவில் கொட்டுவார். செங்குத்தாக இருந்த இடம் சாய்வாகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே மாறவில்லை. சுவர் மட்டும் இல்லை.

மற்றபடி கோளாறுகள்: காற்றில் அறுந்த கம்பி, மரக்கிளை வளர்ந்து கம்பியை ஒருபக்கம் தள்ளுவது, கிரேன் உரசுவது, பனி விழும் ஆண்டுகளில் பாரம். அறுந்தால் மதியத்துக்குள் கட்டிவிடுகிறார்கள். முடியாவிட்டால் வாட்ஸ்அப்பில் ‘எருவ் இல்லை’ என்று செய்தி போகும். குழந்தை வண்டிகள் வீட்டோடு நிற்கும். கம்பி மட்டும் போதாது என்பதும் பலருக்குத் தெரியாது. ஊர்வாசிகள் எல்லோரும் ஒரே வீட்டார் என்பதற்கு அடையாளமாகப் பொதுவான உணவு ஒன்று இருக்க வேண்டும். ஜெபாலய அலமாரியில் ஒரு மாத்ஸா பெட்டி, புளிக்காத காய்ந்த ரொட்டி, எளிதில் கெடாது. ஆண்டுக்கு ஒருமுறை பஸ்காவை ஒட்டி மாற்றுகிறார்கள்.

சமையலுக்கு வருவோம். நாளை மதியத்துக்குச் சூடாக வேண்டும், ஆனால் நாளை சமைக்கக்கூடாது. இதற்கு விடை ஹமீன். எலும்போடு ஒரு கிலோ மாட்டுக்கறி, இரவே ஊறவைத்த வெள்ளை பீன்ஸ் ஒரு கோப்பை, பார்லி அரைக் கோப்பை, ஆறு உருளைக்கிழங்கு முழுதாக, இரண்டு வெங்காயம், ஓட்டோடு ஐந்தாறு முட்டை, மிளகு, மிளகாய்த்தூள், உப்பு. வெங்காயத்தையும் கறியையும் வதக்கி, மற்றதைப் போட்டு, கொதி வந்து ஓரளவு வெந்தபின் ‘பிளாட்டா’ என்ற மின் சூட்டுத்தட்டில் ஏற்றுவது. அதில் கூட்டுவது குறைப்பது கிடையாது, ஒரே சூடு. மறுநாள் மதியம் வரை.

புதியவர் செய்யும் பிழை தண்ணீரில். சாதாரணக் குழம்பு போல வைத்தால் பார்லி நள்ளிரவிலேயே அத்தனையும் குடித்துவிட்டு அடிப்பிடிக்கும். ஓய்வுநாளில் திறந்து பச்சைத்தண்ணீர் ஊற்ற முடியாது, கிளறவும் முடியாது. எனவே தொடக்கத்திலேயே பொருளுக்கு மேல் நான்கு விரல் நீர் நிற்க வேண்டும், உருளைக்கிழங்கு அடியில் போக வேண்டும். கருகினால் கிழங்குதான் கருகும், கறி தப்பும். காலையில் முட்டையின் வெள்ளைக்கரு பழுப்பேறி, கிட்டத்தட்டக் கருப்பட்டி நிறத்துக்கு வந்திருந்தால் சரியாக அமைந்தது என்று பொருள்.

இரண்டரை மணிக்கு வீடுகளில் கடைசிச் சுற்று: குளிர்பெட்டியின் விளக்கைக் கழற்றுவது, டைமர்களைத் திருப்புவது, கழிவறைக் காகிதத்தை முன்கூட்டியே கிழித்து வைப்பது, கொதிநீர்ப் பாத்திரத்தை நிரப்பிச் சூடாக்குவது. டைமரில் காலை, மாலை மாறிப்போவதுதான் அதிகம் நடக்கும் தவறு. சாப்பாட்டு நேரத்தில் இருட்டு, விடியற்காலை இரண்டு மணிக்குக் கூடம் முழுக்க வெளிச்சம்.

சனி

இது சனி இரவு, மூன்று நட்சத்திரம் தெரிந்தபிறகு எழுதுவது. பகலில் மேசையில் பேனாவை எடுத்தாலே விருந்தளிப்பவர் முகம் மாறும், சொல்லமாட்டார், மாறும்.

விருந்தாளியாகப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை அதிகமில்லை, ஆனால் ஒவ்வொன்றும் முக்கியம். அழைப்புமணியை அழுத்தாதீர்கள், கதவைத் தட்டுங்கள். கழிவறை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். வெளியே வரும்போது பழக்கத்தில் அணைத்துவிட்டால் அடுத்த இரவு வரை அந்த வீடே தடுமாறும். மறுபடி போடுங்கள் என்று உங்களிடம் நேராகக் கேட்கவும் அவர்களுக்கு அனுமதியில்லை. ‘அட, உள்ளே ரொம்ப இருட்டாக இருக்கிறதே’ என்று ஒருவர் காற்றைப் பார்த்துச் சொன்னால், அது உங்களுக்குச் சொன்னது. வெந்நீர்க் குழாயைத் திறக்காதீர்கள். திறந்தால் சூரியவெப்பக் கொதிகலனுக்குள் குளிர்நீர் புகுந்து சூடாகும். அது சமைப்பதற்குச் சமம்.

பூ வாங்கிப் போவதென்றால் வெள்ளி மதியத்துக்குள். ஓய்வுநாளில் பூவைப் புதுத் தண்ணீரில் வைக்கமாட்டார்கள், மேசையில் கிடந்து வாடும். தின்பண்டம் என்றால் உறையில் கோஷர் (யூத உணவு விதிக்கு உட்பட்டது) முத்திரையோடு, எந்த முத்திரை அவர்களுக்குச் செல்லும் என்று முன்பே கேட்டு. வீட்டில் செய்தது வேண்டாம். திராட்சை ரசப் புட்டியை நீங்கள் எடுத்து ஊற்றாதீர்கள். ‘மெவுஷால்’ என்று எழுதியிருந்தால், அதாவது காய்ச்சிய ரசமானால், தொடலாம். இல்லையென்றால் யூதரல்லாதவர் கைபட்டது அவர்கள் குடிக்கமுடியாததாகிவிடும். நல்லெண்ணத்தில் கிண்ணங்களை நிரப்பப்போய் விலையுயர்ந்த புட்டியை வீணாக்கிய விருந்தாளி கதை பல வீடுகளில் இருக்கிறது.

ரொட்டிக்கு முன் கைகழுவுவது இரட்டைக் கைப்பிடிக் குவளையால். வலக்கைக்கு, பிறகு இடக்கைக்கு, பலர் இரண்டிரண்டு முறை. கழுவியதிலிருந்து ரொட்டி வாயில் போகும்வரை யாரும் பேசமாட்டார்கள். திடீரென்று கூடமே அமைதியாகி எல்லோரும் தலையசைத்துக்கொண்டு உங்களைப் பார்த்தால் கோபமில்லை. கறி சாப்பிட்டபின் பெரும்பாலோர் பாலுக்கு ஆறு மணி நேரம் விடுவார்கள், பால்காபி கேட்காதீர்கள்.

சாலையில் வண்டியில்லை. பிள்ளைகள் நடுத்தெருவில் பந்தாடுகிறார்கள். ஆனாலும் ஜெபாலய வாசலில் இடுப்பில் கைத்துப்பாக்கியோடு ஆட்கள்; தன்னார்வக் காவல் குழுவினர் வாக்கி-டாக்கியும் வைத்திருக்கிறார்கள். உயிர்காப்பு ஓய்வுநாளைத் தள்ளிவைக்கும் என்பது சட்டம். இந்த ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: 2015இல் ரபி ரிஸ்கின், ஜென்னி ரோசன்ஃபெல்டை ஊரின் ஆன்மிக வழிகாட்டியாக நியமித்தார். வைதிக யூத ஊரில் ஒரு பெண் மதச்சட்டக் கேள்விகளுக்கு விடை சொல்லும் பொறுப்பு அரிது. மிக்வே தொடர்பான கேள்வியை ஆணிடம் போய்க் கேட்கத் தயங்கியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளக்க வேண்டியதில்லை.

இருட்டியபின் ஹவ்தலா, ஓய்வுநாளை வழியனுப்பும் சடங்கு. பல திரிகளைப் பின்னிய மெழுகுவத்தி, ஒரு கிண்ணம் ரசம், கிராம்பு வாசனை. தீபத்தை ரசத்தில் முக்கி அணைத்த அடுத்த நிமிடம் பாத்திரம் தேய்க்கும் சத்தம்.

ஞாயிறு

இங்கே வாரத்தின் முதல் வேலைநாள். காலைப் பேருந்தில் முகாமுக்குத் திரும்பும் படைவீரர்கள் மூட்டையோடு அடைந்திருப்பார்கள். பயணிகள் ஒன்பது மணிக்கு மேல் கிளம்பலாம். சாலையோரம் சுட்டுவிரலைத் தரையைக் காட்டி நீட்டி நிற்பவர்கள் ‘திரெம்ப்’, அதாவது வழிப்போக்கு வண்டி கேட்கிறவர்கள். 2014 ஜூனில் பக்கத்திலுள்ள அலோன் ஷ்வூத் அருகே அப்படி நின்ற மூன்று இளைஞர்கள் கடத்திக் கொல்லப்பட்டார்கள். வழக்கம் நிற்கவில்லை. வெளியாள் முயலவேண்டாம்.

தோட்டங்களில் இப்போது நடவு. புதுக்கன்றின் பழத்தை முதல் மூன்று ஆண்டு தொடக்கூடாது என்பதால், நாற்றுப்பண்ணைச் சான்றோடு, வேரின் மண்கட்டி உடையாமல் வாங்கி நடுகிறார்கள். கட்டி முழுதாக இருந்தால் பண்ணையில் கழிந்த காலமும் கணக்கில் சேரும். வழியில் மண் உதிர்ந்தால் முதலிலிருந்து எண்ண வேண்டும்.

ஊரின் ஓரத்தில் கட்டட வேலை. இந்த வீடுகளைப் பெரும்பாலும் கட்டியவர்கள் அனுமதிச்சீட்டோடு காலையில் வாயிலில் காத்திருந்து உள்ளே வரும் பாலஸ்தீனத் தொழிலாளர்கள். 2023 அக்டோபருக்குப் பிறகு அது பெருமளவு நின்று, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகவே திரும்பியது. அரைகுறைச் சுவர்களில் கம்பிகள் துருவேறி நிற்பதற்கு அதுவும் காரணம்.

வேலை நடக்கும் இடம் எருவுக்கு வெளியே. முதல் குடும்பம் குடிவருவதற்குள் எல்லையை முன்னால் நகர்த்துவார்கள். அதுவரை கடைசிக் கம்பம் கலவை இயந்திரத்துக்கு இந்தப்பக்கம் நிற்கிறது. அதன் அடியில் யாரோ ஒரு லாரி மண் கொட்டியிருக்கிறார்கள். வெளியே தெரியும் உயரம் இப்போது முழங்காலுக்குச் சற்று மேல்தான். வெள்ளிக்குள் அள்ள வேண்டும்.